ஆம்பூரில் நாங்கள் பழுதுபார்த்த பாய்மரப் படகு

எங்கள் குளியலறையில் அப்போது ஒரு நீல வாளி இருந்தது. மூடியைத் திறந்தால் துருவும் ஊறிய தோலும் கலந்த வாடை குப்பென்று ஏறும்...

கல்யாணமான புதிது. ஆம்பூரில் வாடகை வீடு. ஷூ கம்பெனியில் நான் டிசைன் செக்‌ஷன், என் கணவர் தாஸ் மெஷின் மெயின்டனன்ஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டிலிருந்து மினி லாரியில் ஒரு பாய்மரப் படகைக் கொண்டுவந்து இறக்கினார். இரண்டு பேர் போகிற சின்னப் படகு. உடைந்தது என்று யாரோ கழித்துக்கட்டியது.

தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு ஜமீலாக்கா சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டார். "இன்னா தாஸு, பாலாத்து மணல்லயா கப்பல் உடப் போற?"

தாஸ் கடலோரத்துக்காரர் இல்லை. வேலூரை அடுத்த அணைக்கட்டு ஊர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். ஏன் இந்த ஆசை என்று கேட்டால், "தெரியல ஸ்டெல்லா... காத்து இழுத்துக்கினு போற வண்டி. ஒரு தபா ஓட்டிப் பாக்கணும்" என்பார்.

படகின் மேல்தளத்தில் பாய்க்கயிற்றைச் சுற்றிக் கட்டும் கொம்பு, கிளீட் என்பார்கள், பிய்ந்து போயிருந்தது. வெறும் பலகையில் திருகாணி போட்டிருந்தார்கள். காற்றின் இழுப்பு முழுவதும் அங்கேதான் விழும். தளத்தைத் துளைத்து போல்ட் இறக்கி, அடியில் அகலமாகத் தகடு கொடுத்து முடுக்க வேண்டும்.

தகடு எதில்? போல்ட் எதில்? தண்ணீர் கசியாமல் நடுவே எதை வைப்பது?

அதற்குத்தான் அந்த வாளி. கல்லுப்பைக் கரைத்து, கைக்குக் கிடைத்ததையெல்லாம் நூலில் கட்டி ஊறப்போட்டோம். சோல் தோல் உப்பிக் கொழகொழவென்று ஆனது. சாதா போல்ட் சிவந்துவிட்டது. துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட் மாட்டிய அலுமினியத் தகடு, துளையைச் சுற்றி வெள்ளையாகப் பொரிந்தது. கம்பெனியில் கழிந்த ரப்பர் ஷீட் மட்டும் அப்படியே இருந்தது.

தாஸுக்கு அலுமினியத்தை விட மனமில்லை. "வெயிட் கம்மி ஸ்டெல்லா."

"கம்மிதான். நடுத்தண்ணில பிச்சிக்கினா? நம்ம ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது."

வாளியிலிருந்து பொரிந்த தகட்டை எடுத்துத் தடவிப் பார்த்தார். "சரி, ஸ்டீலே போடுவோம்."

காந்தத்தை எடுத்துக்கொண்டு வேலூர் லாங் பஜார் முழுக்கச் சுற்றினோம். உப்பைத் தாங்கும் ஸ்டீலில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ஒரு கடையில் அது ஒட்டாமல் நழுவியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்காரர் முழித்தார். "இன்னாம்மா, ஒட்டலன்னா கோவம்தான வரும்?"

மாட்டும்போது தளத்துக்கு அடியில் உடம்பைக் குறுக்கிப் படுத்து ஸ்பேனரால் நட்டைப் பிடித்தேன். பலகைக்கு மேலிருந்து அவர் குரல் மட்டும் கேட்கும்.

"புடிச்சிக்கினியா?"

"புடிச்சிக்கினேன்... திருப்புங்க."

பழவேற்காடு ஏரியில் முதலில் காற்றே இல்லை. பிறகு திடீரென்று ஒரு பக்கமாக அடித்தது. படகு சாய்ந்தது. கயிறு விண்ணென்று இறுகி, கிளீட் கிரீச்சிட்டது. என் கண் அதை விட்டு நகரவில்லை. பிய்யுமா... பிய்யவில்லை. படகு நிமிர்ந்து ஓடத் தொடங்கியது. தாஸ் கத்தினார், "பாத்தியா ஸ்டெல்லா, பாத்தியா!" முகமெல்லாம் தண்ணீர்.

கரையில் அந்த கிளீட் வேலையைக் குனிந்து பார்த்த ஒருவர்தான், பின்னாளில் மஸ்கட்டில் படகு கட்டும் யார்டில் தாஸுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். ஆசைப்பட்ட வேலை. போகாதீங்க என்று எப்படிச் சொல்வது? நானே பெட்டி கட்டினேன்.

இப்போது வருடத்துக்கு ஒரு மாதம் வருகிறார். மகன் பிளஸ் டூ. நான் செக்‌ஷன் இன்சார்ஜ். மஸ்கட்டில் எந்தத் தகடு போடுவது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லையாம். அளவு சொன்னால் துளையோடு பெட்டியில் வந்துவிடுகிறது.

நேற்றுகூட வாட்ஸ்அப்பில் ஒரு தகட்டைக் கையில் பிடித்துப் படம் அனுப்பினார். "புது மாடல், எப்டி இருக்கு?"

"சூப்பர்" என்று போட்டேன்.

பிறகு படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்... தகட்டை இல்லை. அதைப் பிடித்திருந்த அவர் கையை.