செவ்வாய், புதன் மட்டும் செல்லும் டிக்கெட்

ஓசியில் ஒன்று கிடைக்கும் என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்கு அன்றைக்கு வேலை ஓடாது. சோப்புடன் ஸ்பூன், டீத்தூளுடன் டம்ளர் என்று சேர்ந்த சாமான்களே மேற்குத் தாம்பரம் வீட்டில் ஓர் அலமாரியை அடைத்துக்கொண்டிருந்தன. தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு நாள், டை கட்டிய ஒருவர் திருமுடிவாக்கத்தில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கம்பெனிக்குள் வியர்க்க விறுவிறுக்க வந்தார். தகரத்தை வெட்டி வளைத்துப் பெட்டி அடிக்கும் சின்ன யூனிட் அது. அங்கே கடன் அட்டை விற்க வந்த முதல் ஆள் அவர்தான். "மேடம், செலவு பண்ணப் பண்ண பாயின்ட் சேரும். பாயின்ட் சேர்ந்தா ப்ளேன் டிக்கெட்டே ஃப்ரீ" என்றார். அவர் அடுத்த வாக்கியத்துக்குப் போவதற்குள் நான் பேனாவைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

ப்ளேன் ஏறும் ஆசை எனக்கில்லை. டிக்கெட் அம்மாவுக்கு வேண்டியிருந்தது.

என் அக்கா கல்யாணமாகி டில்லியில் இருந்தாள். அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால், முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் ஏதோ சிக்கலாகி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று தகவல் வந்தது. அம்மா ரிசர்வேஷன் இல்லாமல் ரயிலேறி, கழிப்பறைக்குப் பக்கத்தில் பெட்டி மேல் உட்கார்ந்தபடி போனாள். போய்ச் சேர்ந்தபோது குழந்தை இல்லை. அக்கா வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அந்தப் பயணத்தைப் பற்றி அம்மா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "நாக்பூர் தாண்டும்போதே எல்லாம் முடிஞ்சிருக்குடி. அது தெரியாம நான் இட்லி தின்னுட்டு இருந்திருக்கேன்."

இப்போது அக்கா மறுபடி உண்டாகியிருந்தாள். ஜூன் கடைசியில் நாள் குறித்திருந்தார்கள். பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பிரசவத்துக்கு இங்கே அழைத்து வர முடியாது. அம்மாதான் போக வேண்டும், இந்தத் தடவை முன்னாலேயே போக வேண்டும். அம்மாவின் முழங்காலோ தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டையே தாங்காத நிலைமையில் இருந்தது. "நீ கவலைப்படாதே, உன்னை ப்ளேன்ல அனுப்பறேன்" என்று நான் பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டேன். அந்த வாய்ச்சவடாலில் தொடங்கியதுதான் எல்லாம்.

நூறு ரூபாய் செலவுக்கு ஒரு புள்ளி. டில்லிக்கு ஒருவழி டிக்கெட் வாங்கும் அளவுக்கு என் சம்பளத்தில் புள்ளி சேர்க்க வேண்டுமென்றால் அக்காவின் பேரப்பிள்ளை பிரசவத்துக்குத்தான் அம்மா போயிருப்பாள். அதனால் ஊரார் செலவை என் செலவாக்கினேன். ஆபீசில் யார் ஃபேன் வாங்கினாலும், யார் வீட்டில் குக்கர் வாங்கினாலும், "காசை என்கிட்ட குடுங்க, கடைல நான் கார்டைத் தேய்க்கிறேன்" என்று கூடவே கிளம்பிவிடுவேன். அப்போது அது நிஜமாகவே தேய்ப்பதுதான். கார்பன் தாளை அட்டை மேல் வைத்து ஒரு கட்டையை முன்னும் பின்னும் இழுப்பார்கள், கரகரவென்று சத்தம் வரும். ஜி.எஸ்.டி. ரோடு கடைக்காரர்கள் சிலர் என்னைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அட்டை என்றால் அவர்களுக்குக் காசு வரத் தாமதமாகும்.

நல்லது இல்லாமல் இல்லை. அவசரத்துக்கு யாரிடமும் கை நீட்ட வேண்டாம், மாசக் கடைசியிலும் கடைக்குள் நிமிர்ந்து நுழையலாம். ஆனால் அடுத்தவர் கொடுத்த நோட்டு கைப்பையில் இருந்தால் அது நம் நோட்டு மாதிரியே இருக்கிறது. பில் வர இன்னும் இருபது நாள் இருக்கிறதே என்று அதிலிருந்து கொஞ்சம் எடுப்பேன். புள்ளிக்காகவே ஒரு மிக்சி வாங்கினேன், வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருந்தன. ஒரு மாதம் முழுப் பணத்தையும் கட்ட முடியாமல் போனது. அப்போதுதான் வட்டி என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது, அதுவும் கணக்கு எழுதிப் பிழைக்கிறவளுக்கு! அதை அடைத்து முடிக்கத் தீபாவளி ஆயிற்று. அட்டையையும் அத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அம்மாவை ரயிலில் ஏசி பெட்டியில் ராணி மாதிரி அனுப்பியிருக்கலாம்.

புள்ளிகளில் பாதிக்கு மேல் எங்கள் ஃபோர்மேன் வீட்டுக் கல்யாணத்தில் வந்தது. பல்லாவரத்துக்காரர், கிறிஸ்தவர், ஒரே பெண். தி.நகரில் துணிக்கும் நகைக்கும் நான் கூடவே போனேன். நகைக்கடையில் அட்டைக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய் கூடுதல் என்றார்கள். அவரிடம் சொல்லாமல் அதை நானே கொடுத்தேன். அதுவரை சரி. புடவைக் கடையில் நான் செய்ததுதான் எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது. சர்ச்சுக்கு வெள்ளைப் பட்டு எடுத்தாகிவிட்டது, ரிசப்ஷனுக்கு அந்தப் பெண் ஓர் அரக்குப் புடவையைக் கையில் வைத்திருந்தாள். விலையும் அடக்கமாகத்தான் இருந்தது. "இன்னும் கொஞ்சம் நல்லதாப் பாரேன்மா, வாழ்க்கையில ஒரு தடவைதானே" என்றேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். இரண்டு மடங்கு விலையில் ஒன்று எடுத்தார்கள். அவள் மேல் உள்ள ஆசையில் நான் அதைச் சொல்லவில்லை. என் மனசுக்குள் புள்ளிகள் எகிறிக்கொண்டிருந்தன.

மே மாதம் கூரியரில் டிக்கெட்டுக்கான சீட்டு வந்தது. தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அம்மா சீட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு நான் பின்பக்கத்தில் எறும்பு மாதிரி அச்சடித்திருந்ததைப் படித்தேன். பள்ளி விடுமுறை முடியும்வரை செல்லாது. மூன்று வாரம் முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும். செவ்வாய், புதன் கிழமைகளில் மட்டும் செல்லும்.

"செவ்வாய், புதனா? வடக்கே சூலம்டி" என்றாள் அம்மா.

செவ்வாயும் புதனும் வடக்கு நோக்கிக் கிளம்பக் கூடாது. தினசரி காலண்டரில் ஒவ்வொரு தாளிலும் போட்டிருக்கும். பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த விஷயம். புள்ளிக் கணக்கை ராத்திரி பகலாகப் போட்டவளுக்கு டில்லி வடக்கே இருக்கிறது என்பது மட்டும் தோன்றவில்லை. ப்ளேன் காலியாகப் போகும் நாட்களைப் பார்த்து எங்கள் தலையில் கட்டியிருந்தார்கள். பஞ்சாங்கமும் பேங்கும் கூடிப் பேசிக்கொண்ட மாதிரி அதே இரண்டு நாளாக அமைந்தது.

"பரிகாரம் இருக்கே, பால் குடிச்சுட்டுக் கிளம்பு" என்றேன்.

"கடை கண்ணிக்குப் போறவளுக்கு அது போதும். நான் பிரசவத்துக்குப் போறேன். போன தடவ நல்ல நாள் பாக்காம ஓடினேன், என்ன ஆச்சு?"

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? பைத்தியமா உனக்கு?"

கேட்டிருக்கக் கூடாது. அம்மா சீட்டை மேசை மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ரயிலுக்குப் போகலாம் என்றால், முன்பதிவு தொடங்கிய அன்றே போய் நிற்க வேண்டியவள் நான், ப்ளேனை நம்பி விட்டுவிட்டேன். இப்போது காத்திருப்போர் பட்டியல் ஸ்டேஷன் வாசல் வரை நீண்டிருந்தது. காசு கொடுத்து வேறு கிழமையில் ப்ளேன் ஏற்றலாம் என்றால் அது என் சில மாதச் சம்பளம். மறுபடியும் அம்மா நாக்பூர் தாண்டும்போது எல்லாம் முடிந்துவிடுமோ என்று பயந்தேன். அந்தப் பயத்தை அம்மாவிடம் கோபமாகத்தான் காட்டத் தெரிந்தது எனக்கு.

மூன்று நாள் இருவரும் பேசவில்லை. நாலாம் நாள் காலை, என் டிபன் டப்பாவை மூடியபடியே அம்மா சொன்னாள். "திங்கக்கிழமையே பரஸ்தானம் வெச்சுட்டா தோஷமில்ல."

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம். கிளம்பும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முன் ஒரு நல்ல நாளில் பெட்டியைக் கொண்டுபோய்ப் போகிற வழியில் வேறு ஒரு வீட்டில் வைத்துவிடுவார்கள். பயணம் அன்றே தொடங்கியதாக ஆகிவிடும்.

"இத முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"வடக்கால யாரு வீடு இருக்கு நமக்கு? இந்தக் காலத்துல போய் இதக் கேட்டா சிரிக்க மாட்டாங்களா?"

எனக்கு உடனே பல்லாவரம் ஞாபகம் வந்தது. ஃபோர்மேனிடம் தயங்கித் தயங்கித்தான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார்.

"எங்க வூட்ல சூலம் கீலம்லாம் இல்லம்மா. ஆனா பொட்டி வைக்க எடம் கீது. இதுக்கா இம்மாம் பேஜாரு? அம்மாவ இட்டுக்கினு வா."

அன்று மத்தியானமே சீட்டைக் கொண்டுபோய் ஜூன் மூன்றாவது வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை விமானத்துக்குப் பதிவு செய்தேன்.

அதற்கு முந்தைய நாள் திங்கட்கிழமை, ராகு காலம் கழிந்து ஒன்பது மணிக்கு மேல், வாசலில் கற்பூரம் ஏற்றிவிட்டு அம்மாவும் நானும் பெட்டியோடு மின்சார ரயில் ஏறினோம். ஃபோர்மேன் அரை நாள் லீவு போட்டுக் காத்திருந்தார். அவர் மனைவி அலமாரிக்குப் பக்கத்தில் இடத்தைத் துடைத்துக் கோலமே போட்டு வைத்திருந்தார். மேலே மாதா படம். அம்மா பெட்டியை வைத்துவிட்டு, பிள்ளையாருக்கும் குன்றத்தூர் முருகனுக்கும் வேண்டிக்கொண்ட கையோடு மாதாவையும் பார்த்துக் கும்பிட்டாள்.

அவர்கள் இவ்வளவு செய்யச் செய்ய எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அம்மா உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஃபோர்மேனிடம் புடவை விஷயத்தைக் கொட்டிவிட்டேன். புள்ளிக்காகத்தான் அப்படிச் சொன்னேன், மன்னிச்சிடுங்க சார் என்றேன்.

"அன்னிக்கே தெரியும்மா. கார்ட வெச்சிக்கினு நீ தவிச்சத நா பாக்கலியா?" என்று சிரித்தார். "ஒரே பொண்ணு. நீ சொல்லலன்னா நா சொல்லிருப்பேன். உடு."

திரும்பும்போது ரயிலில் நான் அம்மாவிடம் என்னென்னவோ உளறிக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக்கு டில்லியிலிருந்து போன் வந்தது. அக்கா வீட்டுக்காரர். ஒரு வாரம் முன்பே அக்காவுக்கு வலி கண்டுவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, டாக்டர்கள் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள் என்றார். நான் வீட்டுக்கு ஓடி வந்து மூச்சு வாங்க அம்மாவிடம் சொன்னேன். அம்மா இடிந்து உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"எத்தன மணிக்கு வலி வந்துதாம்?"

"மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல."

"நான் காலையிலயே கிளம்பிட்டேன்டி" என்றாள்.

அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவை அப்பா போன பிறகு நான் பார்த்ததில்லை. எனக்கு சூலத்தில் அன்றும் நம்பிக்கை இல்லை, இன்றும் இல்லை. ஆனாலும் அந்த நிமிஷம் அம்மா ஏற்கெனவே பாதி வழியில் இருக்கிறாள் என்றே எனக்கும் தோன்றியது.

செவ்வாய் விடியற்காலை பல்லாவரத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டோம். எதற்கும் இருக்கட்டும் என்று அம்மா அங்கே ஒரு டம்ளர் பாலும் குடித்தாள். விமான நிலையத்துக்கு எதிரே இறங்கினால் ஸ்டேஷன் பெயர் திரிசூலம். "இத எந்தத் திசையில சேக்கறது?" என்றேன். அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போனவள் திரும்பிப் பார்க்கவில்லை. கிளம்பும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது.

அன்று வேலைக்குப் போனேனே தவிர ஒரு வரி எழுதவில்லை. இரவு ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டு போனில் அக்கா வீட்டுக்காரர் பேசினார். பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம். நான் வாசற்படியில் உட்கார்ந்து வெகு நேரம் சும்மா மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை அக்காவே பேசினாள். குழந்தை யார் ஜாடை, எவ்வளவு எடை, என்ன நிறம் என்று நான் வரிசையாகக் கேட்டேன். அவள் வேறொன்றைச் சொன்னாள்.

"வலில கண்ண மூடிட்டுக் கெடந்தேன். யாரோ வந்து கையப் பிடிச்சாங்க. நர்ஸுன்னு நெனச்சேன். கண்ணத் தொறந்து பாத்தா அம்மாடி. இன்னும் எதுவுமே ஆகல, அதுக்குள்ள அம்மா வந்துட்டா" என்றாள்.

பக்கத்து வீட்டு மாமி என் கையிலிருந்து ரிசீவரை வாங்கி, "அழறா, ஒண்ணுமில்ல, நீ உடம்பப் பாத்துக்கோ" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வைத்தார்.