பேப்பரில் வைத்த சோறு

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் போண்டாவைச் செய்தித்தாளில் சுற்றித் தந்தார்கள். எண்ணெயோடு கலந்த மை நாற்றம் மூக்கில் ஏறியதும் பொட்டலத்தைத் தள்ளி வைத்தேன். சின்ன வயதில் அப்பாவோடு புத்தலப்பட்டில் வேர்க்கடலை பிடுங்கப் போன நாட்களில், நிலக்காரம்மா மத்தியானத்தில் மகளிடம் "பழைய பேப்பர எடுத்தாடி" என்று சொல்லும்போதே எனக்குப் பசி கிளம்பிவிடும். ஊருக்கு வெளியே இருந்த எங்கள் காலனிக்காரர்களுக்குப் பேப்பர் என்றால் படிப்பதல்ல, சோறு வைப்பது. சூட்டில் ஊறிய தெலுங்கு எழுத்துகள் சோற்றின் அடியில் கறுப்பாக ஒட்டிக்கொள்ள, கிழிந்த இடத்தில் மண்ணும் சேர்ந்து வாய்க்குள் போகும்.

"நமக்கு மட்டும் ஏன் நைனா தட்டு இல்ல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பேசாம துன்னு. கேட்டுக்கினு இருந்தா நாளைக்கி வேலைக்கிக் கூப்ட மாட்டாங்க" என்றார் அப்பா.

எதிரே நிலக்காரம்மா வீட்டு நாய் அலுமினியத் தட்டை நக்கிக்கொண்டிருந்தது.