உப்பேறிய சீதனக் கிணறு

குவைத்தில் ஆறும் இல்லை, குளமும் இல்லை. கடல் தண்ணீரில் உப்பை நீக்கித்தான் குடிக்கிறார்கள். அந்தத் தண்ணீரைக் குழாயில் பிடித்து, வீட்டு வேலைக்குப் போயிருந்த நான் தினமும் கார்களையும் கல் முற்றத்தையும் கழுவினேன். போதும் என்று நிறுத்தினால் வீட்டுக்காரி கத்துவாள். காசிருக்கிற நாட்டில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. அங்கே நான் படித்த படிப்பு அதுதான்.

அந்தச் சம்பளத்தில்தான் மன்னார்த் தீவில், தாராபுரத்துக்குப் பக்கத்தில் மகளுக்குச் சீதனமாகக் காணி வாங்கி வீடு கட்டினேன். காணிக்கு விலை மண்ணால் இல்லை, கிணற்றால். இந்தத் தீவில் நல்ல தண்ணீர், பாலில் ஆடை மாதிரி உப்புத் தண்ணீருக்கு மேலே நிற்கிறது. வாளியால் அள்ளினால் தரும். மோட்டரால் உறிஞ்சினால் கீழே கிடக்கிற உப்பு மேலே வரும். இது இங்கே எல்லாருக்கும் தெரியும்.

பக்கத்துக் காணியில் ஹோட்டல் வந்தது. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரர்களுக்கு. குழாய்க்கிணறு அடித்தார்கள். அவர்கள் குளிக்கவும் புல்லுக்கு அடிக்கவும் பகல் முழுக்க மோட்டர் ஓடியது. மழையில்லாத மாதங்களில் என் கிணறு கரிக்கத் தொடங்கியது. போய்க் கேட்டேன்.

"அக்கா, நாங்கள் எங்கட காணிக்குள்ளதானே எடுக்கிறம்" என்றான் முதலாளி.

"மேலதானே வேலி போட்டிருக்கிறாய். கீழையும் போட்டனியோ?"

சிரித்தான். மோட்டர் நிற்கவில்லை. முறைப்பாடு சொல்ல அரசாங்கக் கந்தோருக்கும் போனேன். வந்து பார்க்கிறோம் என்றார்கள். ஒருவரும் வரவில்லை.

போன மாதம் மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார், தீவுக்கு வெளியே நானாட்டானில் இருந்து வந்தார்கள். சோடா உடைத்துக் கொடுத்தேன். மாப்பிள்ளையின் தாய் அதைத் தொடவில்லை.

"கிணத்துத் தண்ணி கொஞ்சம் தாங்கோ."

சீதன வீடு பார்க்க வருகிறவர்கள் கேட்பதுதான். போத்தல் தண்ணீரைச் செம்பில் ஊற்றிக் கொடுக்கலாம் என்று உள்ளே போனேன். அதற்குள் அவரே கிணற்றடிக்குப் போய் வாளியைப் போட்டுவிட்டார். ஒரு வாய் வைத்தவுடன் துப்பினார்.

மாப்பிள்ளையின் தகப்பனுக்குப் பகிடி. "பிறகென்ன, கறிக்கு உப்புப் போடத் தேவையில்லை."

மகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் தரகர் போன் எடுத்தார். "பிள்ளையைப் பிடிச்சிருக்காம். காணிதான் வேண்டாமாம். வித்துப்போட்டு நானாட்டான் பக்கம் ஒண்டு வாங்கிக் குடுங்கோ."

"உப்புத் தண்ணிக் காணியை ஆர் வாங்குவான்?"

"ஹோட்டல்காரன் கேட்டவன்."

வேறு ஆட்களிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். கிணறு என்றதும் கையை விரிக்கிறார்கள். "குடுங்கோ அம்மா" என்கிறாள் மகள். அவன் சொல்லுகிற விலைதான் விலை. கிணற்றைக் கெடுத்தவனிடமே போய், வாங்கிக்கொள் என்று நாளைக்கு நான் கெஞ்ச வேண்டும்.