காகத்துக்கு வைத்த சோறு

மூன்று வருசத்துக்கு முந்தின சித்திரை மாதம் நடந்தது இது. நாங்கள் ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட்டுக்குக் கிட்ட ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். என் கணவருக்கு இதய வால்வில் கோளாறு என்று கண்டுபிடித்து, ஆனி மாதம் ஒப்பரேஷனுக்கு நாள் குறித்து டெர்மின் தந்திருந்தார்கள். சாதகத்தைப் பார்த்தால் அவருக்கு ஏழரைச் சனி. பிறகு எனக்கு எங்கே நித்திரை? ஒப்பரேஷன் முடியும் வரைக்கும் சனிக்கிழமை விரதம் என்று நேர்ந்து, தை மாதமே தொடங்கிவிட்டேன்.

சனி விரதம் பிடிக்கிறவர்களுக்குத் தெரியும். சனீஸ்வரனுக்குக் காகம் வாகனம். எள்ளுச் சோற்றை முதலில் காகத்துக்கு வைத்து, அது தின்ற பிறகுதான் நாங்கள் வாயில் வைக்கலாம். முதல் இரண்டு கிழமையும் பல்கனியில் வைத்தேன். மேல்வீட்டுக்காரர் முறைப்பாடு செய்து கடிதம் வந்துவிட்டது. அதனால்தான் ஊருக்கு வெளியே இருக்கிற பழைய ஆட்டுப் பண்ணைக்குப் போகத் தொடங்கினேன்.

அங்கே இப்போது ஆடுகள் இல்லை. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காத வெறும் மணல். கட்டைப் புல்லும் முள்ளுச் செடியும்தான். இப்படி வறண்ட நிலத்தில் மட்டும் வாழுகிற பூண்டுகளும் பறவைகளும் இருக்கின்றன என்று, பண்ணையை மூடிப் பாதுகாப்பு நிலமாக்கிவிட்டார்கள். என் கண்ணுக்கு அது சும்மா கிடக்கிற தரிசு. கொட்டிலுக்குப் பின்னால் முன்பு ஆடுகள் தண்ணீர் குடித்த சிமெந்துத் தொட்டி ஒன்று இருந்தது. அதன் விளிம்பில் சோற்றை வைத்துக் கும்பிட்டுவிட்டு, காகம் கொத்தும் வரைக்கும் நிற்பேன். முதலில் ஒன்று இரண்டுதான் வந்தன. பங்குனியில் பார்த்தால், நான் போக முதலே கொட்டில் கூரை முழுக்கக் கறுப்பாக இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். சனீஸ்வரன் என் மன்றாட்டைக் கேட்டுவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோசம்.

அந்த நிலத்தைக் கவனிக்கிறவ ஒரு ஜெர்மன்காரி. என் வயதுதான் இருக்கும். முன்பு அதே பண்ணையில் ஆடு பார்த்தவ, இப்போது சம்பளம் இல்லாமல் பறவைக் கூடுகளை எண்ணி எழுதுகிறா. கண்டால் வணக்கம் சொல்லுவோம், அவ்வளவுதான். அந்தச் சனிக்கிழமை வாசலிலேயே நின்று என்னோடு கதைத்தா. முகம் சரியில்லை. வானம்பாடிகள் மணலிலேயே, நிலத்தோடு நிலமாகக் கூடு கட்டுமாம். அந்த வருசம் நாலு கூடு கண்டுபிடித்தாவாம். மூன்றில் இருந்த முட்டைகளைக் காகங்கள் கொத்திக் குடித்துவிட்டன. இன்னும் ஒன்றுதான் மிச்சம்.

“இத்தனை வருசத்தில் இவ்வளவு காகங்களை நான் இங்கே கண்டதில்லை. அதுவும் சனிக்கிழமைகளில். ஏன் என்றுதான் விளங்கவில்லை” என்றா.

என் தோள்பையில் எள்ளுச் சோறு இன்னும் சூடாக இருந்தது. பாவம் என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பிவிட்டேன்.

வீட்டில் இருக்க முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சாமியறைக்கும் குசினிக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

“என்ன, இன்னும் சாப்பிடேல்லையோ?” என்று கேட்டார் இவர்.

“காகத்துக்கு வைக்கேல்ல.”

“ஏன், காகத்துக்கும் இண்டைக்கு லீவோ?”

நடந்ததைச் சொன்னேன். பகிடியை விட்டுவிட்டார். “அந்த மனுசிக்குப் போய்ச் சொல்லு.”

“சொன்னா இனி வைக்க ஏலாது. நேர்த்தியை இடையில விட்டு, உங்களுக்கு ஏதும் நடந்தா?”

“எனக்காகத்தானே நேர்ந்தனி? நான்தான் சொல்லுறன், விடு. நீ இப்பிடிப் பட்டினி கிடந்தா, சனியன் என்னை விட்டிட்டு உன்னைப் பிடிச்சிடும்.”

அடுத்த நாள் போய், எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவவின் முகம் சிவந்துவிட்டது. ஒவ்வொரு கிழமையுமா என்று கேட்டா. ஓம் என்றேன். பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சோறு நின்றது காகங்களுக்குத் தெரியாது, வரும் சனியும் வரும், தொட்டியில் ஒன்றும் இல்லையென்றால் நிலத்தில்தான் தேடும் என்றா. “நீங்கள்தான் பழக்கினீர்கள். நீங்களே வந்து கலையுங்கள்.”

காகத்தைக் கலைக்கிறதா? அதுவும் சனிக்கிழமை, விரதத்தோடு, அவருக்கு ஒப்பரேஷன் வரப்போகிற நேரத்தில்? ஆனாலும் சனி விடியவே குடையோடு போய் நின்றேன். காகங்கள் வந்து கூரையில் இருந்தன. பார்த்தன. ஒவ்வொரு தரம் குடையை வீசும்போதும், அப்பனே பொறுத்துக்கொள், கோபத்தை அவரில் காட்டாதே என்று மனசுக்குள் மன்றாடினேன். ஒன்று அவ காட்டிய கூடு இருந்த பக்கம் புல்லுக்குள் இறங்கிவிட்டது. செருப்பு மணலில் புதைந்து கழன்றதும் தெரியாமல் கத்திக்கொண்டு ஓடினேன். கிட்டப் போகும் வரைக்கும் அது அசையவில்லை. என்னைத் தெரியும்தானே அதற்கு.

மத்தியானம்போல ஒவ்வொன்றாகப் போய்விட்டன. அவ பாண் துண்டு நீட்டினா. காகம் சாப்பிடாமல் நான் சாப்பிடக்கூடாது என்றேன். “அப்படியென்றால் இன்று உங்களுக்கும் பசி, காகத்துக்கும் பசி” என்று முதல்தடவையாகச் சிரித்தா.

இன்னும் இரண்டு சனி அப்படி நின்றேன். பிறகு கோயிலில் எள்ளெண்ணெய் விளக்கு ஏற்றி, ஒப்பரேஷன் வரைக்கும் நேர்ந்த விரதத்தை அதோடு முடித்துக்கொண்டேன். வைகாசியில் இரண்டு குஞ்சுகள் கூட்டைவிட்டுப் போய்விட்டதாக அவ சொன்னா, நான் காணவில்லை. ஒப்பரேஷனும் நல்லபடி முடிந்தது. எது எதனால் நடந்தது என்று ஆரையும் கேட்க எனக்குப் பயம். ஆனால் அதற்குப் பிறகு கடவுளிடம் எதைக் கேட்டுக் கைகூப்பினாலும், நான் கேட்கிறது வேறு ஆரின் தலையில் போய் விழுமோ என்று ஒருதரம் யோசிக்காமல் என் கண் மூடுவதில்லை.