ஒரே வீட்டுக்காரர்கள் டிரேட் செய்யக் கூடாது

என் சித்தி சித்தப்பாவை விட்டு வந்து மூன்றரை மாதம் ஆகிறது என்பது எங்கள் கூடைப்பந்து லீக்கில் எங்கள் மூவர் போக மீதியிருந்த பதினேழு பேருக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்குத் தெரிந்தது. சித்தி குழுவில் எழுதியது இவ்வளவுதான்: "நானும் அவரும் இப்ப ஒரே வீட்ல இல்ல. அதனால ஏழாவது விதி எங்களுக்குப் பொருந்தாது. டிரேட்டை அனுமதிங்க."

 நாற்பது நிமிடம் கழித்து, சித்தியோடு வேலை செய்கிற, எல்லோரும் மெழுகு என்று கூப்பிடுகிற ஆள் கேட்டார்: "அக்கா, இது டிரேட்டுக்காகவா, நெஜமாவா?"



முதலில் சித்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவள் ஒரு பல் லேபில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறாள். மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பல்லுக்குக் கேப் செய்வது அவள் வேலை. பீங்கான் பொடியைத் தண்ணீரில் குழைத்து, எறும்பு மீசை அளவு தூரிகையால் தொட்டுத் தொட்டு வைப்பாள். பதினாறு மாதிரிப் பற்களை வரிசையாகக் குத்திய நிற அட்டை அவள் கைக்கு எட்டுகிற இடத்திலேயே இருக்கும். யாரைப் பார்த்தாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பாள். என் பத்தாம் வகுப்பு ஆசிரியை யார் என்று கேட்டால் பெயர் சொல்ல மாட்டாள், "அந்த மூணாம் நம்பர் மஞ்சளா?" என்பாள்.

பல்லை உலையில் வைத்துவிட்டால் அது வெந்து வரும்வரை சும்மா இருக்க வேண்டும். அந்த நேரத்தில் லேபில் ஒருவர் செல்போனைப் பிளாஸ்டர் டப்பாவில் சாய்த்து வைத்துக் கூடைப்பந்து பார்க்க ஆரம்பித்தார். வெளிநாட்டில் இரவு நடக்கும் ஆட்டம் எங்களுக்குக் காலையில் வரும். அப்படியே லீக் ஒன்று உருவானது. இது உண்மையான ஆட்டம் இல்லை. நிஜ ஆட்டக்காரர்களை நாம் ஆளுக்குப் பதினைந்து பேராக ஆப்பில் பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் அங்கே எடுக்கிற புள்ளி, பிடிக்கிற பந்து, கொடுக்கிற பாஸ் எல்லாம் இங்கே நம் கணக்கில் ஏறும். வாரா வாரம் ஒரு டீம் இன்னொரு டீமோடு மோதும். புள்ளிக்கு ஒரு கட்டம், பாஸுக்கு ஒரு கட்டம் என்று ஒன்பது கட்டங்களில் ஐந்தை எடுத்தவர் ஜெயித்தார்.

எல்லா ஊரிலும் பத்து பேர், பன்னிரண்டு பேர் ஆடுவார்கள். எங்கள் லீக்கில் இருபது டீம். இருபது பதினைந்து முந்நூறு. அதாவது ஆடத் தெரிந்தவன் ஒருவன்கூட வெளியே மிச்சம் இருக்க மாட்டான். நம் ஆளுக்கு அடிபட்டால் பதிலுக்கு எடுக்கலாம் என்று தேடினால், சக ஆட்டக்காரனுக்குத் துண்டு எடுத்துக் கொடுப்பவன்தான் கிடைப்பான். அதனால் ஒரே வழி டிரேட். அடுத்தவரிடம் போய்க் கேட்டு, கொடுத்து, வாங்க வேண்டும்.

சித்தி பெரிய நட்சத்திரங்களுக்கு அலைய மாட்டாள். ஒருவனை எடுப்பாள், மீதி எல்லாம் பெயரே தெரியாத ஆட்கள். தினமும் வருவான், இருபது நிமிடம் ஆடுவான், போவான். ஏன் சித்தி இப்படி என்று கேட்டேன்.

"சிரிக்கும்போது தெரியறது முன்பல்லுடி. மெல்லறது எது?"

நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டில் நடந்துகொண்டிருந்த நேரத்தில் லீக்கில் ஒருவர் விலகினார். சித்திதான் என்னைச் சேர்த்துவிட்டாள். நட்சத்திரமாகப் பார்த்து எடுத்து முதல் மாதமே அடி வாங்கினேன். பிறகு சுதாரித்துக்கொண்டேன்.

சித்தப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். பயிற்சிக் காரில் அவர் பக்கத்து சீட்டில் உட்காருவார். அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். நல்ல மனிதர். கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. லீக்கில் அவருக்கும் ஒரு டீம். இரண்டாவது வருடம் இருவரும் காலைச் சாப்பாட்டு மேஜையிலேயே ஆட்களை மாற்றிக்கொண்டு, கடைசியில் சித்தப்பா கோப்பையைத் தூக்கிவிட்டார். லேபே கொந்தளித்தது. "புருஷன் பொண்டாட்டி கூட்டு வச்சா நாங்க என்ன பண்றது?" என்று மெழுகு ஒரு வாரம் பேசவே இல்லையாம். அப்போது வந்ததுதான் ஏழாவது விதி. ஒரே வீட்டில் இருப்பவர்கள் தங்களுக்குள் டிரேட் செய்யக் கூடாது.

இந்த வருடம் மூன்றாவது வாரம் சித்தி ஐந்துக்கு நான்கில் ஜெயித்தாள். ஞாயிறு முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள். திங்கட்கிழமை பழைய பட்டியலைத் திறந்து பார்த்தபோது, தான் கணக்கில் சேர்க்காமல் உட்கார வைத்திருந்த ஒருவன் வெள்ளிக்கிழமை தன் டீமுக்காக ஆடியிருக்கிறான் என்று கண்டுபிடித்தாள். சித்தப்பா அவளுடைய பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போய் மாற்றியிருக்கிறார்.

"நீ மறந்துட்டேன்னு நெனச்சேன்" என்றார் சித்தப்பா.

"மறக்கல. வேணாம்னுதான் விட்டேன்."

"மாத்தினதாலதானே ஜெயிச்ச?"

அன்று சாயங்காலம் சித்தி ஒரு பையோடு லேபுக்குப் பின்தெருவில் மாடி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஜெயித்ததற்காக ஒருத்தி வீட்டை விட்டுப் போவாளா என்று அம்மாவுக்குப் புரியவில்லை. அம்மா சித்தியின் அக்கா. கேட்பவர்களிடம் எல்லாம் "அவளுக்கு வேலை ஜாஸ்தி, அங்கயே தங்கிக்கிறா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் புரியவில்லைதான். ஆனால் வேலை ஜாஸ்தி இல்லை என்பது தெரியும்.

பதினேழாவது வாரம் சித்தியின் ஒரே நட்சத்திரத்துக்கு முழங்கால் போய்விட்டது. அவன் இடத்தில் இனி முழு நேரமும் ஆடப்போகிற மாற்று ஆட்டக்காரன் சித்தப்பாவின் டீமில் இருந்தான். சித்தப்பாவுக்கோ பந்து பிடிக்கிற நெட்டையன் ஒருவன் வேண்டும். சித்தியிடம் ஒன்றுக்கு இரண்டாக இருந்தார்கள். சித்தி ஆப்பில் கேட்டாள், சித்தப்பா சரி என்று அழுத்தினார். அந்த மூன்றரை மாதத்தில் இருவருக்கும் நடந்த ஒரே பேச்சு அதுதான்.

விதிகளைப் பார்த்துக்கொள்பவர் லேபில் பிளாஸ்டர் ஊற்றுகிற அண்ணன். நடுவர் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். சித்தி குழுவில் எழுதிய அன்றே அவர் எனக்குப் போன் செய்தார்.

"பாப்பா, எனக்குத் தலை சுத்துது. வெள்ளிக்கிழமை மத்தியானத்தோட டிரேட் மூடுது. ரெண்டு வீட்டுக்கும் போயிட்டு வர்ற ஆளு லீக்ல நீ ஒருத்திதான். ஒரே வீடா, ரெண்டு வீடா? நீ எழுது, நான் அதன்படி செய்யறேன்."

"நானா? எனக்கே இதுல லாப நஷ்டம் இருக்குண்ணா."

இருந்தது. எட்டு டீம்தான் அடுத்த சுற்றுக்குப் போகும். நான் எட்டாவது. சித்தி ஒன்பதாவது. கடைசி வாரத்தில் நாங்கள் இருவரும் மோத வேண்டும். டிரேட் நடக்காவிட்டால் நான் ஜெயித்த மாதிரிதான்.

"தெரியும். அதான் நீ பொய் சொன்னா கண்டுபிடிச்சிரலாம்" என்று போனை வைத்துவிட்டார். அவர் சொன்னதை நான் எப்படித் திருப்பிப் பார்த்தும் அர்த்தம் ஆகவில்லை.

அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. "ஒரே வீடுன்னு எழுது. அவ்ளோதான். நீ எழுதிக் குடுத்து அவங்க பிரிஞ்சாங்கன்னு இருக்கணுமா?"

புதன்கிழமை சித்தப்பா வீட்டுக்குப் போனேன். அவர் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறார் என்று தெரிந்தது. அறையில் ஏன் படுக்கவில்லை என்றேன். ஃபேன் சத்தம் என்றார். அவர் தண்ணீர் எடுக்கப் போனபோது ஃபேனைப் போட்டுப் பார்த்தேன். சத்தமே இல்லை.

"சித்தப்பா, நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடா, ரெண்டு வீடா?"

"டிரேட்டைப் பத்திக் கேக்குறியா?"

"ஆமா."

"நல்ல டிரேட்தான். ரெண்டு பேருக்கும் நல்லது."

"அது இல்ல. அந்த மாற்று ஆளை நீங்க எதுக்கு எடுத்தீங்க? உங்களுக்கு அவன் தேவையே இல்லையே."

"பெரிய லீக்ல அப்படித்தாம்மா. அடுத்தவங்க வண்டியோட மாத்து டயரை நாம வச்சிருக்கணும். பஞ்சர் ஆனா நம்மகிட்டதானே வரணும்."

"நீங்க அவனை எடுத்தது வருஷ ஆரம்பத்துல. அப்ப ரெண்டு பேரும் ஒரே வீடு. பஞ்சர் ஆனாலும் சித்தி உங்ககிட்ட வாங்க முடியாதே?"

 சித்தப்பாவின் வலது கால் தரையை மெல்ல அழுத்தியது. அங்கே பிரேக் எதுவும் இல்லை.

"வேற எவனாவது எடுத்துருவான்ல" என்றார்.

சித்திக்குக் கிடைக்கவே முடியாத இடத்தில் சித்திக்காக ஒன்றை எடுத்து வைத்திருக்கிறார். அது பாசமா, வியூகமா, வெறும் அசட்டுத்தனமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே நடந்து, திரும்ப வேண்டிய தெருவைத் தாண்டிப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை லேபுக்குப் போனேன். சித்தி ஒரு முன்பல்லுக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பையில் மருந்துக் கடைக் கவர் எட்டிப் பார்த்தது. சித்தப்பாவின் ரத்தக் கொதிப்பு மாத்திரை. மாதம் பிறந்தால் இன்னமும் அவள்தான் வாங்கி யார் மூலமாவது கொடுத்தனுப்புகிறாள். அதே பையில் வங்கியிலிருந்து மாடி அறை முகவரிக்கு வந்த கடிதமும் இருந்தது. நான் எதை நம்புவது?

"பார்த்துட்டியா, ரெண்டு பக்கமும்?" என்றாள் தலை நிமிராமல்.

"பார்த்தேன். ஒண்ணுமே புரியல சித்தி."

சித்தப்பா சொன்னதைச் சொன்னேன். தூரிகை நின்றது.

"அதான் உன் சித்தப்பா. எனக்கு வேணும்கறதை எல்லாம் அவர் பத்திரமா எடுத்து வச்சுப்பார்."

"அது நல்லதுதானே?"

"நல்லதுதான். யார் இல்லேன்னது?"

"அப்புறம் என்னதான் உனக்குக் கோபம்?"

"கோபம்னு யாருடி சொன்னா?" சித்தி பல்லைத் துணியில் வைத்தாள். "எனக்கு ஒரு ஆளு வேணும்னா நான் கேக்கணும். அவருக்கு இஷ்டம்னா குடுக்கணும், இல்லேன்னா முடியாதுன்னு சொல்லணும். நாலு பேருக்குத் தெரிஞ்சு நடக்கணும். என் டீம் என் டீம்னு ஒரு தடவை எழுத்துல இருக்கணும். அப்புறம் தோத்தாலும் பரவாயில்ல."

"நான் ஒரே வீடுன்னு எழுதிட்டா?"

"எழுதிக்கோ. உன்னை என்ன கடிச்சா தின்னுருவேன்?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே பல்லை உலையில் வைத்தாள். வெந்து வந்ததும் மெழுகு எட்டிப் பார்த்து, "அக்கா, இது யாருக்கு? சீட்டுல ரெண்டுன்னு போட்டிருக்கு, நீங்க மூணு வச்சிருக்கீங்க" என்றார். சித்தி அட்டையைப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் நிறம் தவறி யாரும் பார்த்ததில்லை. புதிதாகப் பொடி குழைக்க ஆரம்பித்தாள். 

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு நான் குழுவில் "ரெண்டு வீடு" என்று எழுதினேன். சரியாகத்தான் எழுதினேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மாத்திரையை நினைத்தால் ஒரே வீடு. ஃபேனை நினைத்தாலும் ஒரே வீடு. நிறம் தவறிய அந்தப் பல்லை நினைத்தபோது அப்படி எழுத முடியவில்லை. நடுவர் பதினொன்று நாற்பதுக்கு டிரேட்டை அனுமதித்தார்.

 அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது அம்மா, "உனக்கு ஆட்டமும் போச்சு, அவளுக்கு வீடும் போச்சு. என்ன கணக்குடி இது?" என்றாள். நான் கடைசி வாரம் தோற்றேன். நான்குக்கு ஐந்து. அந்த மாற்று ஆள் கொடுத்த பாஸ்களால்தான் ஐந்தாவது கட்டம் சித்திக்குப் போனது. எனக்கு அழுகை வந்தது. அது எதற்கு வந்தது என்றும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் லேபுக்குப் போனபோது சித்தி கை நிறையப் பொடியோடு இருந்தாள்.  நடுவர் விதிப் பட்டியலைத் திருத்திக் குழுவில் போட்டிருந்தார். ஏழாவது விதிக்குக் கீழே, ஒரே வீட்டுக்காரர்கள் என்று மூன்று ஜோடி இருந்த இடத்தில் இப்போது இரண்டு ஜோடி.

"படிச்சுக் காட்டு. கை ஈரம்" என்றாள்.

படித்தேன்.

"எங்க பேர் இருந்த எடம் காலியா இருக்கா?"

"இல்ல. கீழ இருந்தவங்க மேல ஏறிட்டாங்க."

"அவர் பார்த்தாரா?"

"முதல்ல பார்த்ததே அவர்தான். கட்டை விரல் போட்டிருக்கார்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

சித்தி என் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தாள். திரை அணைந்தது. மறுபடி தட்டிக் காட்டினேன். அந்தச் சின்ன மஞ்சள் கட்டை விரலை, பல்லின் நிறம் பார்ப்பது போல, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"அவ்ளோதானா" என்றாள்.

என்னிடம் கேட்கிறாளோ என்று நிமிர்ந்து பார்த்தேன். அதற்குள் அவள் தூரிகையை நனைத்துவிட்டு அடுத்த அச்சை எடுத்து வைத்துக்கொண்டாள்.