இரண்டாம் எண்ணுக்கு வந்த பதில்

இது நடந்தது. ஆனால் எல்லாவற்றையும் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. பனி முதலில் இறங்கியதா, கடல் முதலில் அமைதியானதா... மாற்றி மாற்றித் தோன்றுகிறது. அந்தக் குரலில் மட்டும் சந்தேகமில்லை. அதை நாங்கள் மூன்று பேர் கேட்டோம்.

பொங்கல் விடுமுறைக்குத் தம்பி விஷால் கல்பாக்கத்தில் என் குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தான். மாமல்லபுரம் கடலில் கயாக் ஓட்ட வேண்டும் என்று பிடிவாதம். நீச்சல் தெரியாது. என் அலுவலகத்தில் வேலை செய்யும் ஜெனிட்டாவும் வந்தாள். கடற்கரையில் வழிகாட்டி அப்பாஸ் காத்திருந்தார். ஆளுக்கொரு சின்னப் படகு, ஒரு துடுப்பு, ஒரு லைஃப் ஜாக்கெட்.

அப்பாஸ் எங்கள் பெயரைக் கேட்கவில்லை. எண் கொடுத்தார். நான் ஒன்று, விஷால் இரண்டு, ஜெனிட்டா மூன்று.

“நம்பர் கூப்புடுவேன். பதில் சொல்லிட்டு துடுப்பால படகத் தட்டணும். எத்தினியோ பேரு வந்துகினே கீறாங்க அண்ணாத்த, யார் பேர ஞாபகம் வச்சிக்கிறது?”

“ஜெனிட்டா அக்கா, நீங்க கவுந்தா முதல்ல போட்டோ. அப்புறம்தான் காப்பாத்துவேன்,” என்றான் விஷால்.

“நீச்சல் தெரியாதவன் பேசுற பேச்சப் பாரு!”

அவன் சிரித்தான். அந்த முகத்தைத்தான் நான் கடைசியாகப் பார்த்தது.

விடியும்போது அலைகளைத் தாண்டியிருந்தோம். கலங்கரை விளக்கம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. பனி. என் துடுப்பின் நுனியே மங்கலாக இருந்தது.

காலை 6:20. அப்பாஸ் விசில் ஊதினார்.

“திரும்பிரலாம். ஒன்னு!”

“ஒன்னு.” தட்டினேன். டக்.

“ரெண்டு!”

அப்பாஸ் மறுபடி விசில் ஊதினார்.

“ரெண்டு! இன்னா மச்சான், தூங்கறியா?”

“ரெண்டு.”

விஷால் குரல்தான். ஆனால் மிகத் தாழ்வாக வந்தது. படகில் உட்கார்ந்திருப்பவனின் குரல் அந்த உயரத்தில் வராது. தண்ணீர் மட்டத்தில்...

“தட்டுப்பா!”

சளப்.

துடுப்புச் சத்தம் இல்லை. ஈரக் கையால் அறைந்ததுபோல.

“மூணு!”

“மூணு.” டக்.

எண்ணிக்கை சரியாக இருந்தது. கரைக்குத் திரும்பினோம். அப்பாஸின் விசில் முன்னால் போனது. ஜெனிட்டா இருமிக்கொண்டே அதன் பின்னால் போவது கேட்டது. எனக்குப் பின்னால், விடாமல், ஒரு துடுப்பு.

“டேய், கை வலிக்குதா?”

“ரெண்டு.”

“விளையாடாத.”

“ரெண்டு.”

ஒரே மாதிரி. மூச்சு வாங்காமல்.

துடுப்பை நிறுத்தினேன். அதுவும் நிறுத்தியது.

திரும்பிப் பார்த்தேன். வெறும் வெள்ளை...

“ரெண்டு.”

என் காதருகில்.

அதன் பிறகு நான் திரும்பவில்லை. வெறிபிடித்தவன்போலத் துடுப்புப் போட்டேன்.

மணலில் மூன்று படகுகள் ஏறின. அப்பாஸ். ஜெனிட்டா. நான்.

அப்பாஸ் கடலைப் பார்த்துக் கத்தினார். “ரெண்டு! ரெண்டு!”

அலை மட்டும்தான்.

நான் “விஷால்!” என்று கத்தினேன். அன்று கடலில் யாரும் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பெயருக்கு அவன்தான் பதில் சொல்ல முடியும். எண்ணுக்கு...

மூன்றாம் நாள் கலைவாணன் என்ற மீனவர் என்னைத் தேடி வந்தார். விஷால் காணாமல்போன அன்று காலை வலை எடுக்கப் போயிருந்தவர்.

“பனிக்குள்ள யாரோ ‘ரெண்டு, ரெண்டு’ன்னு கூப்ட்டுகினே இருந்தாங்க சார். ஒரு பையன் ‘ரெண்டு’ன்னு பதில் சொல்லி, படகத் தட்டிகினே போனான். டூரிஸ்ட்டுன்னு விட்டுட்டோம். கூப்புட்ட கொரலு கெழக்கால தள்ளித் தள்ளிப் போச்சு. பனி வெலகற வரிக்கும் கேட்டுச்சு, அப்ப மணி எட்டு. பார்த்தா ஒருத்தரும் இல்ல.”

எட்டு மணிக்கு அப்பாஸ் போலீஸ் ஸ்டேஷனில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கத்திக் கத்தி அவருக்குக் குரலே எழும்பவில்லை.

விஷாலும் கிடைக்கவில்லை, படகும் கிடைக்கவில்லை. அப்பாஸ் படகுகளை விற்றுவிட்டு, சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறார். ஜெனிட்டா மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். நான் கல்பாக்கத்திலேயே இருக்கிறேன்.