இடது கை காட்டிய நூற்றிருபது

இரண்டு வருடங்களுக்கு முன், சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலை நடை போகிறவர்களுக்காக ஒரு மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். சும்மா எட்டிப் பார்க்கலாமென்று போனேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் காலமெல்லாம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு அப்போது கொஞ்சம் அதிகம்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன் டாக்டர் பிரஷருக்கு மாத்திரை எழுதிய கையோடு வீட்டுக்கு ஒரு மெஷின் வாங்கியிருந்தேன். தினமும் இடது கையில் பட்டையைச் சுற்றி, வரும் எண்ணை வலது கையால் காலண்டர் தாளில் எழுதிவிடுவேன். எப்போதும் நூற்றிருபதை ஒட்டியே வரும். குணமாகிவிட்டது என்று நானே மாத்திரையை நிறுத்தினேன். டாக்டரைக் கேளுங்கள் என்று மனைவி தலைபாடாக அடித்துக்கொண்டாள். காலண்டரை நீட்டி அவள் வாயை அடைத்தேன்.

முகாமில் சர்க்கரைப் பரிசோதனைக்காக இடது கையில் இரத்தம் எடுத்துப் பஞ்சு ஒட்டியிருந்தார்கள். அதனால் நர்ஸ் பெண் வலது கையில் பட்டையைச் சுற்றினாள். நூற்றெண்பது. உங்கள் மெஷின் ரிப்பேர் என்றேன். அவள் வாதாடவில்லை. கொஞ்ச நேரம் உட்கார வைத்து, இடது கையிலும் பார்த்தாள். நூற்றிருபத்தெட்டு. மறுபடி வலது கை. அதே நூற்றெண்பது.

"மெஷின் நல்லாத்தான் கீது சார். உங்க ரெண்டு கைக்கும்தான் ஒத்துப்போகல. இன்னிக்கே டாக்டரைப் பாத்துடுங்க."

தாம்பரத்தில் ஸ்கேன் எடுத்தபோது டாக்டர், இரத்த ஓட்டம் காதில் விழும்படி கருவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார். வலது தோளருகே ஒவ்வொரு துடிப்புக்கும் தெளிவான ஒரு தட்டல். இடது பக்கம் கருவி நகர்ந்ததும் அது சீறலாக மாறியது. அங்கே இரத்தக்குழாய் குறுகியிருந்தது. அந்த இடுக்கில் இரத்தம் வேகமெடுத்துப் பீறிட்டு, அப்பால் சுழன்று சிதறி, அழுத்தத்தை இழந்துதான் கைக்கு வருகிறது என்றார். என் இதயமும் மூளையும் தாங்கிக்கொண்டிருந்தது வலது கை காட்டிய அழுத்தத்தை. மாத்திரையில்லாமல் இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் பக்கவாதமே வந்திருக்கலாமாம். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குழாய் குறுகினால் வேகம் கூடும், அழுத்தம் குறையும் என்று போர்டில் எத்தனை முறை படம் போட்டிருப்பேன். அதே பாடம் என் தோளுக்குள் ஓடுவதைக் காதால் கேட்டபோது வாயடைத்துப் போனேன்.

இன்றும் இரண்டு கையிலும் அளந்து, மாத்திரையைப் போட்டுக்கொள்ளும்போது நினைத்துக்கொள்வேன்: அத்தனை நெருக்கடியிலும் ஒரு துடிப்புகூடத் தவறாமல் என் விரல் நுனிவரை இரத்தத்தைக் கொண்டுசேர்த்த இந்த உடம்பிடமா நான் கெட்டிக்காரத்தனம் காட்டினேன்?